எமெசிஸ் இருக்கட்டும், முதலில் வாந்தியைச் சரியாக எழுதுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கர்ப்பகால உடல்நலம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், பயனுள்ள விஷயங்கள் நிறைய இருந்தன. ஆனால் அதில் வாந்தியைக் குறிக்க 'எமெசிஸ்' என்ற சொல் 11 இடத்தில் வருகிறது, உட்கார்ந்து எண்ணினேன். 'வாந்தி' ஒரே ஒரு இடத்தில், அதுவும் ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்ட மாதிரி மேற்கோள் குறிக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. என் மருமகள் படித்துவிட்டு, "அத்தை, எமெசிஸ்னா என்ன, புதுசா ஏதாவது வியாதி வந்திருக்கா?" என்று கேட்டாள். அவள் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறவள். அவளுக்கே இந்தக் கதி என்றால் டீக்கடையில் உங்கள் பேப்பரை விரித்து வைத்துப் படிக்கிறவர் என்ன செய்வார்?

நான் அரசு மருத்துவமனைகளில் 34 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எத்தனை பேருடைய வாந்தியைத் துடைத்திருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருடத்தில் எந்த டாக்டரும் நோயாளியைப் பார்த்து "எமெசிஸ் இருக்கா" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கேஸ் ஷீட்டில்கூட 'வாமிட்டிங், 3 முறை' என்றுதான் எழுதுவார்கள்.

எமெசிஸ் தப்பான சொல் என்று நான் சொல்லவில்லை, அது கிரேக்கச் சொல், மருத்துவப் புத்தகங்களில் அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது. பெரும்பாலும் வேறு சொல்லோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். ரத்தமாக எடுத்தால் ஹெமடெமெசிஸ், கர்ப்பிணிகளுக்கு அளவு மீறிப் போனால் ஹைப்பரெமெசிஸ், வாந்தியை நிறுத்துகிற மருந்து ஆன்ட்டி எமெட்டிக். நர்சிங் படித்தபோது பாடப்புத்தகத்தில் 'எமெசிஸ் பேசின்' என்று ஒரு பாத்திரத்தின் படம் இருந்தது, ஏதோ பெரிய சாமான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வார்டுக்கு வந்து பார்த்தால் நம்ம கிட்னி ட்ரே. உட்பக்கமாக வளைந்திருக்கும் அந்த ஓரத்தைத் தாடைக்குக் கீழே கழுத்தோடு ஒட்டிப் பிடித்தால் ஒரு சொட்டு கீழே சிந்தாது, அதற்குத்தான் அந்த வடிவம். நம் ஊர் வார்டுகளில் அதில் ஊசி கிடக்கும், பஞ்சு கிடக்கும், கத்தரிக்கோல் கிடக்கும். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு எழும்போது மட்டும் அது கைக்கு அகப்படாது, பாலிதீன் கவர்தான் ஓடி வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கே பின்னால்தான் தெரிந்தது. வாந்தி என்பது நாட்டுப்புறச் சொல், வாமிட் என்பது நாகரிகச் சொல், எமெசிஸ் என்பது அறிவியல் சொல் என்று நாமாக ஒரு படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறோம் இல்லையா, மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். வாந்திக்கும், வாந்தி எடுக்க வைக்கிற வைத்தியமான வமனத்துக்கும் வேர் சமஸ்கிருதத்து 'வம்'. அதன் உடன்பிறப்பாக லத்தீனில் இருந்த 'வோம்' ஆங்கில வாமிட்டுக்குப் போனது. கிரேக்கத்தில் முன்னால் இருந்த வகர ஒலி காலப்போக்கில் உதிர்ந்துபோய் 'எம்' என்று நின்றது, அதிலிருந்துதான் எமெசிஸ். அக்காளைப் பட்டிக்காடு என்று ஒதுக்கிவிட்டுத் தங்கச்சியைச் சோபாவில் உட்காரவைத்த கதைதான் இது.

சரி, இது வெறும் சொல் விவகாரம் என்றால் நான் கடிதம் எழுதப் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். என் வருத்தம் வேறு. எமெசிஸ் வந்து வாந்தியைத் தள்ளுவதற்கு முன்னாலேயே, வாந்தி என்ற ஒரு சொல் வந்து நம்மிடம் இருந்த நாலைந்து நல்ல சொற்களை விழுங்கிவிட்டது. என் அப்பத்தா 'குமட்டுது' என்றால் வயிற்றைப் புரட்டுகிறது, இன்னும் எதுவும் வரவில்லை என்று அர்த்தம். 'ஓங்கரிக்குது' என்றால் உடம்பே குலுங்கி வயிறு மேலே எக்குகிறது, ஆனால் வெறும் காற்றும் எச்சிலும்தான். 'எதுக்களிக்குது' என்றால் எந்தச் சிரமமும் இல்லாமல் புளிப்பாக நெஞ்சு வரை ஏறி இறங்குகிறது. 'கக்குது' என்றால் கைக்குழந்தை குடித்த பாலில் கொஞ்சம் கடைவாயில் வழிகிறது. ஆங்கில மருத்துவத்தில் இந்த நான்கிற்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது, தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன, சிகிச்சையும் ஒன்றல்ல. பள்ளிக்கூடப் பக்கமே போகாத கிழவி பிரித்துச் சொன்னதை நாம் படித்துவிட்டு ஒரே சொல்லில் கொட்டிவிட்டோம். இப்போது ஓ.பி.யில் வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் "வாமிட் சிஸ்டர்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். "எடுத்தீங்களா, இல்ல எடுக்கிற மாதிரி இருக்கா?" என்று கேட்டால்தான் "இல்ல சிஸ்டர், நெஞ்செரிச்சலா மேல வருது" என்று விஷயம் வெளியே வரும். எதுக்களிப்புக்கு வந்த மனிதர் வாந்தி மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது இப்படித்தான்.

கைக்குழந்தை விஷயத்தில் இது இன்னும் முக்கியம். கக்கின பிள்ளை தக்கும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள், பெரும்பாலும் உண்மைதான், பால் குடித்ததும் கொஞ்சம் கக்கிவிட்டுச் சிரிக்கிற பிள்ளை நன்றாகத்தான் வளரும். ஆனால் பிறந்து சில வாரம் ஆன பிள்ளை ஒவ்வொரு முறை பால் குடித்ததும் எட்டிப் போய் விழுகிற மாதிரி பீய்ச்சி அடித்தால் அது கக்கல் இல்லை, இரைப்பையின் வாசல் தடித்து அடைத்திருக்கலாம். அதுபோல இன்னொன்று, பச்சையாக எடுப்பது. இதை எத்தனை தாய்மாரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது, பிறந்த பிள்ளை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் அது குடல் முறுக்கிக்கொண்டதன் அடையாளமாக இருக்கலாம், ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் நம் வீடுகளில் மஞ்சளாக வந்தாலும் பித்தம், பச்சையாக வந்தாலும் பித்தம், வெறும் எச்சிலாக வந்தாலும் பித்தம். "பித்தமா எடுக்குது, கொஞ்சம் வசம்பு உரைச்சு ஊத்துங்க" என்று ஒரு ஆத்தா சொல்லும்போது அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை மணி நேரம் வீணாகப் போகிறது பாருங்கள்.

அப்புறம் 'வாந்திக்கு மருந்து'. இதைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும்.

தமிழில் 'பேதிக்கு மருந்து' என்றால் பேதியாக வைக்கிற மருந்து. விடுமுறை வந்தால் விளக்கெண்ணெயோடு பாட்டி காத்திருப்பாளே, அது. ஆனால் 'வாந்திக்கு மருந்து' என்றால் வாந்தியை நிறுத்துகிற மருந்து. சொல்லின் அமைப்பு ஒன்றுதான், பொருள் மட்டும் தலைகீழ். பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிற நமக்கு இது தடுக்குவதில்லை, பதற்றமான நேரத்தில் மட்டும் தடுக்குகிறது. ஒருமுறை ஒன்றரை வயசுப் பிள்ளை ஒன்று சோடா பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த மண்ணெண்ணெயை ஒரு வாய் குடித்துவிட்டது. வீட்டில் இருந்தவர்கள் ஏதோ ஒரு மருந்துக்கடைக்குப் போன் போட்டிருக்கிறார்கள். கடைக்காரப் பையன் பாதிதான் காதில் வாங்கிக்கொண்டு, "வாந்திக்கு ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறான். பிள்ளை வாந்தி எடுக்கிறது போல, நிறுத்த ஏதாவது கொடுத்தார்களா என்று அவன் நினைப்பு. போனைப் பிடித்திருந்த பாட்டிக்கு அது, வாந்தி எடுக்க வைக்க ஏதாவது கொடுத்தீங்களா, இன்னும் கொடுக்கலையா என்று காதில் விழுந்திருக்கிறது. உப்பைக் கரைத்து ஊற்றி, தொண்டையில் விரலை விட்டு எடுக்க வைத்துவிட்டார்.

மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை எக்காரணம் கொண்டும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வயிற்றில் கிடக்கிற மண்ணெண்ணெயைவிட, மேலே வரும்போது மூச்சுக்குழாயில் நழுவி நுரையீரலுக்குள் போகிற நாலு சொட்டுதான் ஆளைச் சாய்க்கும். அந்தப் பிள்ளை எங்கள் வார்டுக்கு வரும்போது விலா எலும்பு ஒவ்வொன்றும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது, வாயில் மண்ணெண்ணெய் வாடை, உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. 9 நாள் ஆக்சிஜனும் மருந்துமாகக் கிடந்து பிழைத்துக்கொண்டது. பாட்டி அந்த 9 நாளும் வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், யாரும் அவரைத் திட்டவில்லை, அதுவே அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. அமில பாட்டிலைக் குடித்தாலும் இதே கதைதான், இறங்கும்போது ஒருமுறை பொசுக்கிய தொண்டையை ஏறும்போது இன்னொருமுறை பொசுக்கும். உங்கள் பேப்பரில் முதலுதவி பற்றி எழுதும்போது 'வாந்திக்கு மருந்து' என்று எழுதாமல், நிறுத்துவதா வரவைப்பதா என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். வாந்தி எடுக்க வைப்பதற்குப் பழைய வைத்தியத்தில் வமனம் என்று தனிப் பெயரே இருந்தது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வமனம் எடுக்க வேண்டும் என்று சித்த வைத்தியத்தில் விதிகூட உண்டு. அந்தச் சொல் புழக்கத்தில் நின்றிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

ஊருக்கு ஊர் சொல் மாறுவது தனிக் கதை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு அம்மா பெண்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பிள்ளைக்கு விடிய இருந்து சத்தி டொக்டர், நிக்கவே இல்லை" என்றார். டியூட்டியில் இருந்தவர் படித்து முடித்து வந்த புது டாக்டர். 'சத்தி' என்றால் சக்தி, பலம் என்று எடுத்துக்கொண்டு, "சத்தி இருந்தா நல்லதுதானேம்மா" என்று சிரித்துவிட்டார். அந்த அம்மாவின் முகம் போன போக்கை இப்போதும் மறக்க முடியவில்லை. நல்லவேளை, அதற்குள் பிள்ளையே ஒருமுறை எடுத்து விளங்க வைத்துவிட்டது. சத்தி என்றால் வாந்தி, யாழ்ப்பாணத்தார் வாயில் தினமும் புழங்குகிற சொல், நம் ஊரில் அகராதியில் தேட வேண்டியிருக்கிறது. 'கக்கு' என்ற சொல்லை மட்டும் நம் பத்திரிகைகள் விடவில்லை, எரிமலை நெருப்பைக் கக்குகிறது, அரசியல்வாதி விஷத்தைக் கக்குகிறார், திருடன் போலீசிடம் உண்மையைக் கக்குகிறான். குழந்தை பால் கக்கினால் மட்டும் 'ரிஃப்ளக்ஸ்'.

மறுபடி உங்கள் கட்டுரைக்கு வருகிறேன், அதில் ஒரு இடத்தில் கட்டுரையாளர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஹைப்பரெமெசிஸ் கிராவிடேரம் என்று எழுதியிருக்கிறாரே, அதை மசக்கை என்று எழுதினால் தப்பாகிவிடும். 2012 டிசம்பரில் இங்கிலாந்து இளவரசர் வில்லியமின் மனைவி கேட் முதல் பிள்ளையைச் சுமந்திருந்தபோது இதற்காகத்தான் லண்டனில் மருத்துவமனையில் சேர்த்தார்கள், அதுவரை மருத்துவப் புத்தகத்துக்குள் கிடந்த பெயர் அன்றைக்குப் பேப்பருக்கு வந்தது. மசக்கை என்றால் காலையில் குமட்டும், குழம்பு தாளிக்கிற வாசனை ஆகாது, மாங்காய் கேட்கும், நாள் போகப் போகச் சரியாகிவிடும். இது அப்படி இல்லை. குடித்த தண்ணீர்கூட நிற்காது, கர்ப்பத்துக்கு முன் இருந்த எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கிவிடும், சிறுநீர் குறைந்து அடர்ந்து போகும், டிரிப்ஸ் ஏற்றியே ஆக வேண்டும். நம் வீடுகளில் இதற்கும் மசக்கை என்றே பெயர் வைத்து, "நாங்களும்தான் அஞ்சு பெத்தோம், இப்படியா படுத்தோம்" என்று மாமியார் சொல்ல, பெண் நாக்கு உலர்ந்து கண் குழிந்து வார்டுக்கு வந்து விழுவாள். மனசில் பிள்ளை வேண்டாம் என்று இருந்தால்தான் இப்படி எடுக்கும் என்றுகூடச் சொல்வார்கள், அபாண்டம். கருவிலிருந்து தாயின் ரத்தத்தில் கலக்கிற ஜி.டி.எஃப் 15 என்ற ஹார்மோனுக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது, கர்ப்பத்துக்கு முன் அது உடம்பில் குறைவாக இருந்து பழகிய பெண்களை அதிகம் படுத்துகிறது என்று 2023 டிசம்பரில் 'நேச்சர்' ஆய்விதழில் விவரமாக வந்திருக்கிறது. அந்த வியாதிக்குத் தனிப் பெயர் தேவைதான். ஆனால் அந்த நீளமான பெயரைப் பிரித்தால் என்ன வருகிறது? 'கர்ப்பிணிகளின் மிகை வாந்தி'. அவ்வளவுதான். அப்படியே எழுதினால் என் மருமகளுக்குப் புரிந்திருக்கும், மாமியார்களுக்கும் புரிந்திருக்கும்.

கடைசியாக, செய்திப் பக்கத்தைப் பற்றி. 'ரத்த வாந்தி எடுத்துச் சாவு' என்று மாதத்துக்கு இரண்டு செய்தியாவது வருகிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கொத்தனார் ஞாபகம் வரும். வயது 40 இருக்கும், ஒரு ராத்திரி கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர் மனைவி "ரத்த வாந்தி எடுத்தாரு சிஸ்டர், ஒரு சொம்பு இருக்கும்" என்றார். குடிப்பழக்கமும் இருந்தது. அவ்வளவு போதுமே, வயிற்றுப்புண்ணாக இருக்கும் அல்லது ஈரல் கெட்டு உணவுக்குழாய் ரத்தக்குழாய் வெடித்திருக்கும் என்று வயிற்று வார்டில் போட்டு, வாயால் ஒன்றும் கொடுக்காமல், மறுநாள் என்டோஸ்கோப்பிக்கு எழுதி வைத்தார்கள். குழாய் விட்டுப் பார்த்ததில் வயிறு சுத்தமாக இருந்தது. அதற்கு அடுத்த ராத்திரி இரண்டு மணிக்கு நான் ரவுண்ட்ஸ் போகிறேன், அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இருமுகிறார், இருமி இருமி ஒரு டம்ளரில் துப்புகிறார். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். செக்கச் செவேல் என்று, மேலே சோப்பு நுரை மாதிரி நுரை, சளியோடு கலந்து கிடக்கிறது. சாப்பாட்டுத் துணுக்கு ஒன்றுகூட இல்லை. வயிற்றிலிருந்து வருகிற ரத்தம் அநேகமாக அப்படி இருக்காது, அமிலம் பட்டுக் கறுத்துக் காபித்தூளைக் கரைத்துவிட்ட மாதிரி வரும், கூடவே மலமும் தார் போலக் கறுக்கும். உணவுக்குழாய் ரத்தக்குழாய் வெடித்தால் சிவப்பாகக் கொட்டும்தான், ஆனால் அதில் நுரை இருக்காது, இருமலும் இருக்காது. அவருக்கு வந்தது வாந்தியே இல்லை, இருமல். காலையில் சளியை எடுத்து அனுப்பினோம், டி.பி. இருந்தது. இருமினால் மற்றவருக்கும் தொற்றுகிற வியாதியோடு இரண்டு நாள் நடுவார்டில், 30 கட்டிலுக்கு நடுவே படுத்திருக்கிறார்.

யாரைக் குறை சொல்ல? அந்த மனைவி பொய் சொல்லவில்லை. சினிமாவில் கதாநாயகன் கைக்குட்டையில் இருமி ரத்தத்தைப் பார்ப்பதும் நமக்கு ரத்த வாந்திதான், பேப்பரில் வருவதும் ரத்த வாந்திதான், அவருக்குத் தெரிந்த சொல்லை அவர் சொன்னார். நாங்களும் அவர் சொன்ன சொல்லை எழுதிக்கொண்டோமே தவிர, "இருமினப்ப வந்துச்சா, கொமட்டி வந்துச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்குப் பெயர் எழுதி உள்ளே அனுப்பியவள் நான்தான்.

பள்ளி சத்துணவு சாப்பிட்ட பிள்ளைகளுக்கு 'வாந்தி, மயக்கம்' என்று அச்சில் வார்த்த மாதிரி எழுதுகிறீர்களே, அதில் மயக்கம் என்பது தலை சுற்றலா, நினைவு தப்பியதா என்று ஒரு நாளும் தெரிவதில்லை, பெற்றவர்கள் அடித்துப் பிடித்து ஓடுகிறார்கள். அதைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம், இப்போது வேண்டாம்.

'எமெசிஸ்' கட்டுரையாளரிடம் நான் கோபித்துக்கொண்டதாகச் சொல்ல வேண்டாம். அடுத்த முறை நிருபர் யாராவது 'ரத்த வாந்தி' என்று எழுதி அனுப்பினால் மட்டும், அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு, ஆள் இருமினாரா, எடுத்தாரா என்று கேட்கச் சொல்லுங்கள். இருமினார் என்றால் 'இருமலில் ரத்தம்' என்று போடுங்கள், இடமும் அதிகம் அடைக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை மாவட்டம்.